மகள் பைன் ஆர்ட்ஸ் படிக்கணும் என்கிறாள், சேர்க்கலாமா?

தோவாளைப் பூக்கடை:
எல்லோருக்கும் வணக்கம். தோவாளை மார்க்கெட்டில் பூ வியாபாரம் செய்கிறேன். மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். கணக்கு, அறிவியல் எல்லாம் ஒழுங்காகத்தான் படிப்பாள், ஆனால் மேலே படித்தால் ஓவியம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சென்னை, கும்பகோணம் இரண்டு அரசு கவின்கலைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் போடப் போகிறாளாம். 4 வருடம், பி.எஃப்.ஏ. பட்டம். மச்சினன் பிளெக்ஸ் கடையில் இருக்கிறான், "அத்தான், கோரல் டிரா டிசைன் சாஃப்ட்வேர் 6 மாசம் படிச்சா போதும், 4 வருஷம் எதுக்கு" என்கிறான். அவள் சித்தி நர்சிங் என்கிறாள், நம் மாவட்டத்தில் அது சொல்லாத சித்தி உண்டா. சரி, படித்து வந்தவர்கள் யாராவது இருந்தால் இப்போது என்ன செய்து சாப்பிடுகிறீர்கள், அந்தப் படிப்பு அதற்கு எவ்வளவு உதவியது, அதை மட்டும் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் பிரஸ்:
அண்ணாச்சி, உங்கள் மச்சினன் சொன்னது முக்கால்வாசி சரி. 19 வருடமாக டிசைன், பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா போஸ்டர், பேக்கரிக்குக் கேக் பெட்டி, எல்லாம் உண்டு. பட்டம் வாங்கிய பிள்ளைகள் 3 பேரை வேலைக்கு வைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு பையன் தன் வேலைகளைத் தொகுத்துக் கொண்டுவந்த போர்ட்ஃபோலியோவைப் பார்த்து நானே அசந்துபோனேன். அவனிடம் ஒரு கேக் பெட்டியைக் கொடுத்தேன், திரையில் அப்படியொரு சிவப்பு. ஃபைலைத் திரைக்கான ஆர்.ஜி.பி. நிறத்திலேயே விட்டிருக்கிறான், வெட்டுவதற்காக ஓரத்தில் கூடுதலாக விடுகிற 3 மில்லிமீட்டர் பிளீட் இல்லை, சின்ன எழுத்துக்குக்கூட கறுப்பை நாலு கலரிலும் கலந்து போட்டிருக்கிறான். சிவகாசியிலிருந்து பெட்டி வந்து இறங்கினபோது சிவப்பு செங்கல் நிறம், எழுத்துக்கெல்லாம் நிழல், வெட்டின ஓரத்தில் வெள்ளைக் கோடு. 5,000 பெட்டி. பேக்கரிக்காரர் வேண்டாம் என்றுவிட்டார், என் கைக்காசு போனது. நாலு வருடம் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? என் கடையில் பத்தாவது படித்த ஒரு பெண் இருக்கிறாள், தூக்கத்தில்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டாள்.

கலர்பெட்டி:
பிரஸ் அண்ணன், ஒரு சந்தேகம். 5,000 பெட்டி அச்சுக்குப் போகும் முன்னால் புதுப் பையன் போட்ட ஃபைலை நீங்கள் ஒரு தடவை திறந்து பார்க்கவில்லையா?

நான் பைன் ஆர்ட்ஸ் படித்தவள். இப்போது நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே குழந்தைகள் புத்தகத்துக்குப் படமும் பாக்கெட் டிசைனும் செய்கிறேன், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பிளீட், அச்சுக்கான நாலு கலர் சி.எம்.ஒய்.கே. எல்லாம் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளும் விஷயம், நான் அப்படித்தான் கற்றேன். ஒரு மத்தியானத்தில் வராதது ஒன்று இருக்கிறது. முதல் வருடம் முழுக்க ரயில் நிலையம், மீன் மார்க்கெட் என்று போய் நின்று ஸ்கெட்ச் போட வேண்டும், பெஞ்சில் தூங்குகிற ஆள் புரண்டு படுத்தால் படம் போச்சு, அடுத்த ஆளைத் தேட வேண்டும். வாரக் கடைசியில் எல்லாப் படத்தையும் சுவரில் குத்திவைத்து, வகுப்பு மொத்தத்தின் முன்னாலும் "இந்தக் கை ஏன் ரப்பர் குழாய் மாதிரி இருக்கு" என்று வாத்தியார் கேட்பார். முதல் தடவை பாத்ரூமில் போய் அழுதேன். மூன்றாம் வருடத்தில், சொல்கிற பத்துக் குறையில் எது நிஜமான குறை, எது வெறும் வாத்தியாருடைய பிடித்தம் என்று பிரிக்கத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் "என்னமோ சரியில்ல மேடம்" என்று மட்டும் சொன்னாலும் எது சரியில்லை என்று என்னால் கண்டுபிடிக்க முடிகிறது. அதைத்தான் 4 வருடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

அப்புறம், உங்கள் கடைச் சுவரில் முருகன் காலண்டர் ஏதாவது தொங்குகிறதா? அந்தக் காலண்டர் பாணி என்றாலே முதலில் வருகிற பெயர் கோவில்பட்டி கொண்டையராஜு. அவர் படித்தது சென்னை ஓவியப் பள்ளியில், 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற டாக்டர் தொடங்கிய பள்ளி. அதுதான் இன்றைக்குச் சென்னை கவின்கலைக் கல்லூரி, அந்தப் பிள்ளை விண்ணப்பம் போடப் போகிற இடம்.

மார்த்தாண்டம் பிரஸ்:
திறந்து பார்க்கவில்லை, தங்கச்சி. கொடை சீசன், ஒத்துக்கொள்கிறேன்.

கொண்டையராஜு கதை எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து காலண்டர் போடவில்லை அவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர். மேடை வெளிச்சத்தில் கடைசி வரிசை ஆளுக்கும் எடுபடுகிற கலர் எது என்று அங்கேதானே தெரிந்திருக்கும்? அவருடைய சீடர்களும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தே கற்றார்கள். உங்கள் உதாரணம் எனக்குத்தான் சாட்சி சொல்லுது.

மயிலாடி உளி:
கல் வேலைக்காரன் ஒருத்தன் நடுவில் வரலாமா. எங்களுக்கு அப்பா, தாத்தா எல்லாம் இதே தொழில். மயிலாடி கற்சிற்பத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கேட்டிருப்பீர்கள். பட்டறையில் கற்றால் முதல் நாளிலிருந்து சாப்பாடு உண்டு, சில வருடத்தில் பிள்ளையார் கண்ணை மூடிக்கொண்டே வருவார். வினையும் அதுதான், பிள்ளையார் மட்டும்தான் வருவார். ஒரு தடவை கடற்கரை ஊரிலிருந்து வந்தவர்கள் கடலில் போன தங்கள் ஆட்கள் நினைவாக ஒரு சிலை, வலை இழுக்கிற மாதிரி வேண்டும் என்றார்கள். முழித்தேன். பேப்பரில் வரைந்து காட்டத் தெரியாது, களிமண்ணில் மாதிரி பிடித்துக் காட்டத் தெரியாது, "செஞ்சிரலாம்" என்று வாயால் மட்டும் சொன்னால் யார் முன்பணம் தருவார்கள்? வேலை கைவிட்டுப் போனது.

அந்த வருத்தத்தில்தான் பையனை மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரிக்கு அனுப்பினேன். நவதாளம் என்றால் முகத்தின் நீளத்தைப் போல உடம்பு ஒன்பது மடங்கு என்று எனக்குக் கைக்குத் தெரியும், அவனுக்குக் கணக்காகத் தெரியும், அதனால் எந்த உயரத்துக்கும் வரைபடம் போட்டு முன்னாலேயே காட்டிவிடுகிறான். கன்னியாகுமரிக் கடலில் நிற்கிற 133 அடி வள்ளுவரை, 2000 ஜனவரி 1-ல் திறந்தார்களே, செய்தது கணபதி ஸ்தபதி. பரம்பரை ஸ்தபதி வீட்டுப் பிள்ளை, அதே மாமல்லபுரம் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தவர். பட்டறையா கல்லூரியா என்று அவரை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

ஆனால் ஒரு குறை சொல்லணும். படித்துவிட்டு வந்த பையனுக்கு விலை சொல்லத் தெரியவில்லை. கல்லுக்கு இவ்வளவு, லாரி வாடகை, கட்டர் மெஷினுக்குக் கரண்டு, ஆள் கூலி, கல் நடுவில் விரிசல் விட்டால் அந்த நஷ்டம், இதெல்லாம் சேர்த்துச் சொல்ல இங்கே வந்துதான் படித்தான். முதல் ஆர்டரில் கூலியே மறந்துவிட்டான்!

இரணியல் கிறுக்கன்:
உளி அண்ணன் சொன்னதுதான் என் வயிற்றெரிச்சல். நான் படித்த கல்லூரியைக் குறை சொல்ல மனமில்லை, நல்ல வாத்தியார்கள். ஆனால் 4 வருடத்தில் ஒரு மணி நேரம்கூட காசைப் பற்றி யாரும் பேசியதில்லை, பேசினால் கலைக்குத் தீட்டு என்கிற மாதிரி ஒரு காற்று அங்கே. முடித்து வந்த வருடம் ஒரு ஓட்டல்காரர் லோகோ கேட்டார். எவ்வளவு என்றார். என் வாய் தானாக "நீங்க பார்த்துக் குடுங்க" என்றது. பார்த்துக் கொடுத்தார், 1,500 ரூபாய், 17 தடவை மாற்றச் சொன்ன பிறகு. இப்போது 4 கிளை, வண்டி, பணியாள் சட்டை எல்லாவற்றிலும் அதுதான்.

அப்புறம் வக்கீல் நண்பன் ஒருவன் 1957 பதிப்புரிமைச் சட்டத்தைப் பிரித்துக் காட்டினான். எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி யாருக்கும் வரக்கூடாது என்பதால் எழுதுகிறேன். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு அந்த வேலையாகவே வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை முதலாளிக்கு. தனியாக வேலை எடுத்துச் செய்தால் பொதுவாக வரைந்தவனுக்கு. ஆனால் பெயின்டிங், உருவப்படம், போட்டோ இவற்றை ஒருவர் காசு கொடுத்துச் செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமை காசு கொடுத்தவருக்கே! உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்று கணக்கு, எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆக எல்லாமே ஒரு பக்கக் காகிதத்தில் இருக்கிறது, நான் அந்த ஒரு பக்கத்தை எழுதவில்லை. இன்னொன்று, ஒரு பெங்களூர் கம்பெனி என் பணத்தில் 10 சதவீதம் பிடித்து அனுப்பியதும் ஏமாற்றிவிட்டார்கள் என்று போனில் கத்தினேன். அது டி.டி.எஸ்., முன்கூட்டியே பிடிக்கிற வரி, வருமான வரிக் கணக்கில் காட்டலாம், வரி வராத அளவு வருமானம் என்றால் திரும்பக் கிடைக்கும். அந்தக் கணக்குப் பெண் ரொம்பப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், அவருக்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

குமரி ரீல்ஸ்:
எதுக்கு இவ்வளவு பேச்சு, ஏ.ஐ.யிடம் சொன்னால் 10 நொடியில் 4 லோகோ வருது. படிப்பும் வேண்டாம் கடையும் வேண்டாம்.

மார்த்தாண்டம் பிரஸ்:
போன வாரம் ஒருத்தர் அப்படிச் செய்த கொடை நோட்டீஸோடு வந்தார் மக்கா. சுடலைமாடனுக்கு ஒரு கையில் 6 விரல், கீழே இருந்த எழுத்து தமிழும் இல்லை மலையாளமும் இல்லை. முதலிலிருந்து உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன்.

தமிழ் எழுத்து என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன், படித்த பிள்ளைகளிடம் என் பெரிய குறை பிளீட் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு போஸ்டர் கொடு, அமர்க்களமாகச் செய்வார்கள். "கோயில் கொடை" என்று தமிழில் போடச் சொன்னால் கை நடுங்குது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். கடைசியில் நான் வந்து பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுக்கணும்.

கலர்பெட்டி:
கொம்பு தனியாகப் போவதற்குக் காரணம் இருக்கிறது அண்ணா. இப்போதைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் "கொ" என்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி. அதன் கொம்பை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை, பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் எழுத்தை அடுக்குகிற கம்போசரை வேர்ல்டு-ரெடி என்று மாற்றாவிட்டால் அது நடக்காது. பாமினியில் உடையாது, ஏனென்றால் அது ஆங்கில எழுத்துக்கான இடங்களில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை.

ஆனால் நீங்கள் சொன்ன அடிப்படைக் குறைக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் லெட்டரிங் வகுப்பு முழுக்க ஆங்கில எழுத்து. "இ", "ஐ" இவற்றின் சுழியை எந்த இடத்தில் தடிக்க வைப்பது, "ண" வரும்போது வரி அகலம் எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று எனக்குச் சொன்னது கோட்டாறில் சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். பிளெக்ஸ் வந்ததும் அவர் தொழில் போனது. இரண்டு மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரஷ் பிடித்தேன். அவரைப் போன்ற ஒருவரை வாரத்துக்கு ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

ஓய்வுபெற்ற டிராயிங் சார்:
ஓவியத்தில் ஹையர் கிரேடு தேர்வு முடித்து, பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். காசுப் பேச்சு கலைக்குத் தீட்டு என்று இரணியல் தம்பி எழுதியது முழுக்கச் சரியில்லை. 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உண்டானது எப்படி? கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். ஓவியத்தை நம்பினால் பட்டினி என்று அவருக்குத் தெரியும். அதனால் மாணவர்களும் அவரும் மெழுகு வைத்துச் சாயமிடும் பாட்டிக் துணி, கைவினைப் பொருள் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். பகலில் விற்கிற வேலை, மற்ற நேரம் தங்கள் ஓவியம். அந்த ஞானம் பாடத்திட்டத்துக்குள் வராமல் போனதுதான் துரதிர்ஷ்டம்.

தோவாளைக்காரர் கவனத்துக்கு. எல்லோரும் படிப்பு படிப்பு என்று ஒன்றாகப் பேசுகிறார்கள். பெயின்டிங் வேறு, சிற்பம் வேறு, விஷுவல் கம்யூனிகேஷன் வேறு, டெக்ஸ்டைல், செராமிக் வேறு, ஒவ்வொன்றும் போய்ச் சேரும் வேலை வேறு. எந்தப் பிரிவு என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். கணக்கு வரும் என்கிறீர்கள், அப்படியானால் டிசைன் படிப்புக்குப் பாம்பே ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் தேர்வு, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் தேர்வு இவையும் உண்டு, கட்டணம்தான் லட்சக்கணக்கில். இந்த வருடத்துக்கு அவற்றின் தேதி போய்விட்டது. கவின்கலைக் கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு இருக்கும். கை, பாத்திரம், துணி மடிப்பு, நினைவிலிருந்து ஒரு தெருக்காட்சி, இவற்றை இப்போதே தினமும் போடச் சொல்லுங்கள்.

தோவாளைப் பூக்கடை:
எல்லாவற்றையும் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். விஷுவல் கம்யூனிகேஷன் என்கிறாள், பிரிவு எல்லாம் முன்னாலேயே பார்த்து வைத்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. காலையில் என்னோடு மார்க்கெட்டுக்கு வந்து பூ கட்டுகிற பெண்களின் கையை வரைகிறாள். அவர்கள் வேகத்துக்கு இவளால் முடியவில்லை. விண்ணப்பம் போட்டுவிடலாம் என்று இருக்கிறோம். சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்த்தாண்டம் பிரஸ்:
சேருங்கள் அண்ணாச்சி, நான் தடுக்கவில்லை. ஆனால் கல்லூரி திறக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். வைகாசி முகூர்த்தக் கார்டு வேலை இப்போதுதான் குவிகிறது. கடைக்கு அனுப்புங்கள், அந்தப் பத்தாவது படித்த பெண் பக்கத்தில் உட்காரட்டும். பிளீட், அச்சு பிளேட், பேப்பர் எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். இந்தத் தடவை ஃபைலை நானே திறந்து பார்க்கிறேன்.

தோவாளைப் பூக்கடை:
கேட்டேன். "கார்டுக்கு எவ்வளவு தருவார்?" என்கிறாள்.

மார்த்தாண்டம் பிரஸ்:
கார்டுக்கு 150. பஸ் காசு தனி.

இரணியல் கிறுக்கன்:
எத்தனை திருத்தம் வரைக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் பிரஸ்:
மூன்று. அதுக்கு மேலே போனால் ஒவ்வொன்றுக்கும் 20. எழுதியே தருகிறேன், போதுமா லேய்?