குளத்துப் பறவைகள்: பெரியவர்களிடம் கேட்டுப் பதிய ஆள் வேண்டும்

திருநெல்வேலி மாவட்டத்தில் ஜனவரியில் குளம் குளமாகப் பறவை எண்ணுகிறோம். இப்படி எண்ணத் தொடங்குவதற்கு முந்தைய காலம், வயலுக்குக் குளத்து நீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சிகள், மீன் பிடிப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் நினைவில்தான் இருக்கிறது. கூந்தன்குளத்தில் 1994-ல் சரணாலயம் வருவதற்கு முன்பே கூடுகளைக் காத்தது ஊர்தான். நாங்குநேரி, மானூர் பக்கத்துக் குளங்களில் கேட்டுப் பதிய உதவுங்கள்.

பறவைப் படத்தை முதலில் நீட்டாதீர்கள். பேர், சத்தம், இரை, கூடு வைக்கும் மரம் எல்லாம் அவர்களே சொல்லட்டும். பிறகு படங்களைக் காட்டுங்கள். நம்ம பக்கம் வராத இரண்டு பறவைகளின் படத்தையும் அதில் கலந்து வையுங்கள். அதையும் பார்த்ததாகச் சொன்னால் தாளில் குறியுங்கள், பதிவைத் தள்ள வேண்டாம்.

"கூழைக்கடா இங்க கூடு கட்டுமா?" என்றால் மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். "எதெல்லாம் கூடு கட்டும்?" என்று கேளுங்கள். வருஷம் தடுமாறும், 1992 தாமிரபரணி வெள்ளத்துக்கு முன்னா, பின்னா என்றால் தெளிவாக வரும். 'நாரை' என்ற ஒரே பேரில் மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் அடங்கிவிடும். மூடிய அலகின் நடுவே இடைவெளி உண்டா என்று கேட்டால் பிரிந்துவிடும், இடைவெளி நத்தைகுத்திக்குத்தான். கண்ணால் கண்டது, கேள்விப்பட்டது இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

குரல் பதிய முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். கூடு இருக்கும் இடத்தை இங்கே எழுத வேண்டாம்.

உங்கள் ஊர், குளத்தின் பேர், எந்தக் கிழமை போக முடியும் என்று கீழே சொல்லுங்கள். தாளும் படங்களும் அனுப்புகிறோம்.