சுண்ணாம்பு மண்ணில் பழைய ரோசாக்கள்

கோண்டாவிலில் இருந்து:

பழைய ரோசா இனங்கள் யாழ்ப்பாணத்தில் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும், ஆனால் எல்லாம் வராது. 1867இல் பிரான்சில் 'லா பிரான்ஸ்' என்ற முதல் நவீன ரோசா வருவதற்கு முன்பிருந்த வகைகளைத்தான் பழைய ரோசா என்கிறோம். அவற்றில் காலிகா, ஆல்பா, சென்டிஃபோலியா எல்லாம் நீண்ட குளிரில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். எங்கள் மார்கழிப் பனி அதற்குக் காணாது.

சீன ரோசாவும் அதன் கலப்பில் வந்தவையும்தான் இங்கே நிற்கும். என் முற்றத்தில் 'ஓல்ட் ப்ளஷ்' என்ற சீன ரோசா கடும் வெயிலிலும் பூக்கிறது. பூ சிறுக்கும், அவ்வளவுதான். அதுவும் டமாஸ்க் ரோசாவும் ரீயூனியன் தீவில் வேலியோரம் கலந்து பிறந்ததுதான் பூர்போன் இனம். இந்து சமுத்திரத்து வெக்கையில் பிறந்தது என்பதால் எனக்கு அதில் தனிப் பிரியம்.

உண்மையான சிக்கல் வெயில் இல்லை, மண். நாங்கள் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறோம், கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் யூரியா போடாதீர்கள். மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு அதை வேருக்கு விடாது. கீலேட் இரும்பு, அதாவது சுண்ணாம்பு பிடித்து வைக்காதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு, வாங்கும்போது வகையைப் பாருங்கள்: ஈடிடிஏ (EDTA) எங்கள் மண்ணில் வேகமாகப் பலனிழக்கும், ஈடிடிஎச்ஏ (EDDHA) நின்று வேலை செய்யும். அப்புறம் மாரியில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வையுங்கள். கிணறு சவராக உள்ள கரையோரத்தில் சாடியும் மழைத் தண்ணீரும்தான் வழி.

சோளகக் காற்றுக்குக் கிடுகுத் தட்டி கட்டினால் மொட்டுக் கருகாது. கொப்பு நடுவதென்றால் மாரியில் நடுங்கள்.

ரொறன்ரோவில் இருந்து:

அக்கா, எனக்கு நேர் எதிர். சீன ரோசாவைச் சாடியில் வைத்துக் குளிருக்குக் கராஜுக்குள் எடுக்கிறேன். 'ரோசா முண்டி' காலிகாவோ பனிக்குள் கிடந்துவிட்டு ஆனியில் ஒரே தரம், சிவப்பும் வெள்ளையும் கீறுகீறாகப் பூத்துத் தள்ளும். பிறகு அடுத்த வருடம்தான். ஊரில் அம்மாவின் ரோசாவும் மஞ்சளாகத்தான் நிற்கிறதாம். இந்த இரும்பையே வாங்கச் சொல்லவா?

கோண்டாவிலில் இருந்து:

அவசரப்படாதீர்கள் தம்பி. மஞ்சள் புது இலையிலா, அடியிலுள்ள பழைய இலையிலா என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள். பழைய இலை ஒரே சீராக வெளிறினால் அனேகமாகத் தழைச்சத்துக் குறைவு. அதற்கு மக்கிய மாட்டெரு போதும்.