போலோ ஜிடி: 17 இஞ்ச் வீலும் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் மதுரைச் சாலைக்குச் சரிப்படுமா?

கோச்சடை_போலோ:
வணக்கம். 2015 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, போன மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர். டயர் 185/60 ஆர்15. பக்கவாட்டில் 2318 என்று போட்டிருக்கிறது, அதாவது 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் (டயரின் மேல்வரி) இன்னும் இருக்கிறது, ஆனால் ரப்பர் கல் மாதிரி ஆகிவிட்டது. லேசாகத் தூறினாலே சிம்மக்கல்லில் பிரேக் மிதிக்கும்போது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் துடிக்கிறது.

எப்படியும் டயர் மாற்ற வேண்டும். கையோடு 17 இஞ்ச் அலாய், 205/45 ஆர்17 டயர், 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் மூன்றையும் போட்டுவிட ஆசை. கையில் ஒரு லட்சத்து இருபதாயிரம் இருக்கிறது. தினமும் விருதுநகர் போய்வருகிறேன். மாதம் ஒருமுறை கொடைக்கானல். விசேஷம் என்றால் வீட்டில் நான்கு பேரும் ஏறுவோம், குலதெய்வம் கோயில் உசிலம்பட்டிப் பக்கம். சொல்லுங்கள்.

பழங்காநத்தம்_அண்ணாச்சி:
தம்பி, வண்டிக்கு வாழ்த்துகள். ஸ்பிரிங்கை மறந்துவிடுங்கள், 17-ஐயும் மறந்துவிடுங்கள். உங்கள் பிரச்சினை என்ன என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்: டயர் கல்லாகிவிட்டது. அதை மாற்றினால் வண்டியே வேறு வண்டியாகத் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். டயர் அளவில் முதல் எண் அகலம் மி.மீ.-இல், இரண்டாவது எண் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம், கடைசி எண் ரிம்மின் விட்டம் இஞ்சில். 185/60 ஆர்15-இல் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 111 மி.மீ. ரப்பர். 205/45 ஆர்17-இல் 92 தான். நம் ரிங் ரோட்டில் ராத்திரி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த 19 மி.மீ.தான் ரிம்மைக் காப்பாற்றும். என் மகன் இதே ஊரில் ஒரு கடையில் மலிவான நகல் அலாய் 17 இஞ்சில் போட்டான். எட்டு மாதத்தில் ஒன்று விரிசல் விட்டது, ஒன்று வளைந்தது. விரிசல் உள்பக்கம் இருந்ததால் காற்று இறங்குவது மட்டும் தெரிந்தது, காரணம் தெரிய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவன் நாலுவழிச் சாலையில் 100-இல் போய்க்கொண்டிருந்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

மலைப்பாதை_ஜிடி:
அண்ணாச்சி, மகன் பத்திரமாக இருக்கிறாரே, அது போதும். ஆனால் அது நகல் வீலின் குற்றம், 17-இன் குற்றம் இல்லை. ஜேடபிள்யூஎல் (அலாய் வீலுக்கான ஜப்பானியத் தரம்) முத்திரை உள்ள வீலாகப் பார்த்து வாங்கினால் அந்தக் கதை வராது.

நான் இதே வண்டியை இரண்டு வருடமாகத் தாழ்த்தி ஓட்டுகிறேன். 25 மி.மீ. ஸ்பிரிங், 195/50 ஆர்16. கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயில் அசல் ஸ்பிரிங்கோடும் ஓட்டினேன், தாழ்த்திய பிறகும் ஓட்டினேன். எடை மையம் 25, 30 மி.மீ. இறங்கினால் வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குப் போகும் பாரம் ஐந்து சதவீதம் அளவுக்குக் குறையும். காகிதத்தில் சின்ன எண். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது, வலது வளைவு முடிந்த உடனே இடது வளைவு வருகிற இடங்களில், வண்டி தயங்காமல் திரும்புவது கையில் தெரியும். அதை ஒருமுறை அனுபவித்துவிட்டால் பழைய ஸ்பிரிங்குக்குத் திரும்ப மனம் வராது.

பழங்காநத்தம்_அண்ணாச்சி:
அந்த ஐந்து சதவீதத்தோடு கணக்கு முடியவில்லை தம்பி. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண். அசல் உயரத்தில், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்து நிற்கும். வண்டியை இறக்க இறக்க அது படுத்துவிடும், இன்னும் இறக்கினால் மேல்நோக்கித் திரும்பிவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடினால் சாயும் விசையும் கூடும். ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதால்தான் அது உங்களுக்குத் தெரியவில்லை. 35 போட்டால் லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

களவாசல்_அலைன்மென்ட்:
நான் வீல் அலைன்மென்ட் வேலை பார்க்கிறவன், பதினொரு வருடம். அண்ணாச்சி சொன்னதை மிஷினில் தினமும் பார்க்கிறேன். தாழ்த்தி வருகிற வண்டிகளில் முதலில் கெடுவது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. கேம்பர், அதாவது சக்கரத்தின் தலைப்பக்கம், கொஞ்சம் உள்ளே சாய்ந்தால் பெரிய நஷ்டமில்லை, டோ விலகினால் ஆறாயிரம் கிலோமீட்டரில் டயரின் உள்ஓரம் நூல் தெரியத் தேய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும். ஸ்பிரிங் போட்ட அன்றைக்கே ஒருமுறை, அது உட்கார்ந்த பிறகு 500 கிலோமீட்டரில் இன்னொருமுறை அலைன்மென்ட் பார்க்காதவர் ஸ்பிரிங் போடவே வேண்டாம்.

அப்புறம் ஷாக், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர். பத்து வருட அசல் ஷாக்கின் மேல் புது கெட்டி ஸ்பிரிங் போட்டால், அது எழும்பி வருவதை ஷாக்கால் பிடிக்க முடியாது. நாலுவழிச் சாலையில் பாலம் ஏறி இறங்கும்போது வண்டி இரண்டு தடவை ஆடும். ஸ்பிரிங் என்றால் ஷாக், பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பு, ஸ்ட்ரட்டின் மேல்பிடியான ஸ்ட்ரட் மவுண்ட் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் வீல், டயர், இதெல்லாம் அடங்காது. ஏதோ ஒன்றில் மட்டமானதை வாங்குவீர்கள்.

இன்னொன்று, இதில் யாரும் ஏமாறக் கூடாது. இந்த வண்டியின் அசல் வீல் போல்ட்டுக்கு உட்காரும் இடம் உருண்டை. வெளியில் வாங்கும் அலாய் பெரும்பாலும் கூம்பு. பழைய போல்ட்டையே முறுக்கினால் இறுகியது மாதிரி இருக்கும், ஓட ஓடத் தளரும். நடுத்துளை 57.1 மி.மீ., அதைவிடப் பெரிய துளை என்றால் வளையம் போட வேண்டும். முறுக்கு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில் மட்டும்.

மலைப்பாதை_ஜிடி:
ஷாக் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நானும் ஷாக் சேர்த்துத்தான் மாற்றினேன், அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 35 வேண்டாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாழ்த்தினால் வேகத்தடையில் தட்டும் என்று எல்லாரும் பயமுறுத்துவதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தியச் சாலைப் பேரவை (ஐஆர்சி, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பு) சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம். போலோவின் இரண்டு அச்சுக்கும் நடுவே ஏறக்குறைய 2.46 மீட்டர். வண்டி அதன் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். வயிற்றுக்குக் கீழே மேடு சாப்பிடுவது 45 மி.மீ. மட்டும். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் அசல் இடைவெளி 165 மி.மீ.க்குப் பக்கம். 25 போனாலும் 140 இருக்கிறது.

பழங்காநத்தம்_அண்ணாச்சி:
கணக்கு அழகாக இருக்கிறது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் உசிலம்பட்டி ரோட்டை விட்டு ஊருக்குள் இறங்குங்கள். திருவிழாவுக்கு முன்னால் ஊர்க்காரர்களே சிமென்ட்டைக் கொட்டி ஒரு திட்டு வைத்திருப்பார்கள். அகலம் ஒன்றரை அடி, உயரம் அரை அடிக்குக் குறையாது. முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறும் முன்னால், மொத்த உயரமும் வயிற்றுக்கு நேராக வரும். நான்கு பேரும் டிக்கியில் பொங்கல் பானையும் என்றால் பாரத்திலேயே வண்டி 30 மி.மீ.க்கு மேல் இறங்கும். 140-இல் அதையும் கழியுங்கள். அங்கே சம்ப்தான், இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டிதான், முதலில் சத்தம் போடும். தம்பிக்கு வருடத்தில் மூன்று நாள் அந்தப் பாதை. அந்த மூன்று நாளும் வண்டியில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் கூட. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் ஸ்பிரிங்கைத்தான் முதலில் பார்ப்பார்.

கோச்சடை_போலோ:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு டேப் வைத்து அளந்தேன். பிள்ளைகளையும் அம்மாவையும் உட்கார வைத்தே அளந்தேன். அண்ணாச்சி சொன்ன இறக்கம் அப்படியே இருக்கிறது, 34 மி.மீ. 17-ஐ விட்டுவிட்டேன். 15 ரிம் அப்படியே இருக்கட்டும், டயர் மட்டும் 195/60 ஆர்15. சரிதானே?

களவாசல்_அலைன்மென்ட்:
சரி. உங்கள் ரிம் 6 இஞ்ச் அகலம், அது தாங்கும். விட்டம் 603-இலிருந்து 615 ஆகும், மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட இரண்டு கூடுதலாகப் போவீர்கள், அவ்வளவுதான். வாங்கும்போது டயர் செய்த வாரமும் ஆண்டும் சொல்லும் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் வேறு கேளுங்கள். கத்திரி வெயிலில் காற்று காலையில் மட்டும் பிடியுங்கள், ஓட்டிய சூட்டில் பிடித்தால் அளவு தப்பும். மிச்சக் காசில் நான்கு ஷாக்கும் அசல் அளவிலேயே புதிதாகப் போடுங்கள். நீங்கள் ஸ்பிரிங்கில் தேடுகிற பாதி அதிலேயே கிடைக்கும்.

மலைப்பாதை_ஜிடி:
டயரும் ஷாக்கும் முதலில் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் ஸ்பிரிங் வேண்டாம் என்று தம்பி இங்கே படித்து முடிவு செய்யக் கூடாது, உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யட்டும். ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானல் கிளம்புகிறேன். முன்சீட் காலி.

பழங்காநத்தம்_அண்ணாச்சி:
பின்சீட்டில் நான் வருகிறேன். எடை 92 கிலோ. டேப்பும் எடுத்து வருகிறேன், வத்தலக்குண்டில் டீ குடிக்கும்போது வண்டிக்கு அடியில் அளந்துவிடலாம். திரும்பும்போது உசிலம்பட்டி வழியாக வருவோம்.

மலைப்பாதை_ஜிடி:
வாருங்கள் அண்ணாச்சி. உசிலம்பட்டி வழியாகவே வருவோம்.