ஆபிரகாமைப் பின்னாலிருந்து அணைத்த தூதன்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1655-இல் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட ‘ஆபிரகாமின் பலி’யை ஆம்ஸ்டர்டாமில், அவர் வாழ்ந்த வீட்டிலேயே அமைந்துள்ள அருங்காட்சியகத்தில் நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. புத்தகங்களில் பெரிதாக்கப்பட்டுப் பழகிய அந்தப் படத்தின் உயரம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர்தான் என்பதால், கண்ணாடிக்கு வெகு அருகில் குனிந்து நின்றுதான் பார்க்க வேண்டியிருந்தது.

மகன் ஈசாக்கைப் பலியிடும்படி கடவுள் ஆபிரகாமுக்குக் கட்டளையிட, அவர் கத்தியை எடுத்த கடைசி நொடியில் தேவதூதன் தடுப்பதே கதை. விவிலியத்தின் ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் வரும் இக்கதையை ரெம்பிராண்ட் 1635-இலேயே பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். இப்போது ரஷ்யாவின் சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள அதில், தூதன் ஆபிரகாமின் மணிக்கட்டைப் பற்றுகிறான். கையிலிருந்து நழுவிய கத்தி அந்தரத்தில் நிற்கிறது. பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும் ஓவியம்தான். ஆனாலும் அதில் நாடகம் சற்றுத் தூக்கல் என்பது என் எண்ணம். இருபது ஆண்டுகள் கழித்து வந்த அச்சுப்படத்தில் அந்தப் பரபரப்பு அடங்கிவிட்டது. தூதன் பின்னாலிருந்து கிழவரை இரு கைகளாலும் அணைத்துப் பிடிக்கிறான். தகப்பனின் மடியில் தலை சாய்த்து மண்டியிட்டிருக்கும் ஈசாக்கின் கண்களை ஆபிரகாமின் கை மூடியிருக்கிறது. அவருடைய கண்கள் இருக்க வேண்டிய இடத்திலோ இரண்டு கருங்குழிகளே தெரிகின்றன. மகன் பிழைத்துவிட்டான் என்ற செய்தி காதில் விழுந்தும் இன்னும் மனத்தில் ஏறாத மனிதரின் முகமாகவே அது எனக்குப் பட்டது. அந்த ஆண்டில் ரெம்பிராண்டின் மகன் டைட்டஸுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அங்கே அச்சிடும் முறையைச் செய்தும் காட்டுகிறார்கள். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் வரைந்து, கீறல் விழுந்த இடங்களை அமிலம் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பது பொதுவான வழி. ரெம்பிராண்ட் இதோடு நில்லாமல் ஊசியால் தகட்டை நேரடியாகவும் கீறினார். அப்போது கோட்டின் ஓரத்தில் எழும் செம்புப் பிசிறு மையைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்வதால், தாளில் மென்மயிர் போன்ற கருமை படிகிறது. அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் அந்தப் பிசிறு விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், முதலில் எடுத்த பிரதிகளில் காணும் இருளின் அடர்த்தி பின்னால் எடுத்தவற்றில் இருப்பதில்லை.

இதே கதையின் முந்தைய கட்டத்தை, அதாவது தகனபலிக்கு (எரித்துப் படைக்கும் பலிக்கு) ஆட்டுக்குட்டி எங்கே என்று மகன் கேட்க, தகப்பன் மேலே சுட்டிக்காட்டிப் பேசும் இடத்தை, அவர் 1645-இல் அச்சுப்படமாக்கினார். என் கணக்கில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே முறை. தாளில் உள்ள படங்கள் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் அவற்றை மாற்றி மாற்றியே காட்சிக்கு வைப்பார்கள். போக நினைப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.