அப்பாவின் பவுண்டரியில் மேலாளர்: தனியாகத் தொடங்கும் ஆசை படிப்பால் வந்ததா?

கணபதிக்காரன்:
கோவையில் எங்களுக்கு உலோகத்தை உருக்கி வார்க்கும் சின்ன பவுண்டரி. பம்ப் கம்பெனிகளுக்கு, உள்ளே சுழலும் இம்பெல்லர், அதை மூடும் கேசிங் ஊற்றிக் கொடுக்கிறோம். அப்பா எட்டாவது வரை படித்தவர். நான் மெக்கானிக்கல், அப்புறம் எம்பிஏ. மூன்று வருடமாக விசிட்டிங் கார்டில் மேலாளர். செக்கில் கையெழுத்து இன்னமும் அப்பாதான்.

எம்பிஏ வகுப்பில் ஒரு நாள் எங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். எங்கள் வார்ப்பு கிலோ விலைக்குப் போகிறது. அதையே லேத்தில் கடைந்து கொடுக்கிறவர் பீஸ் விலை வாங்குகிறார். அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி லேத் இரண்டு போட்டு, என் பெயரில் தனி யூனிட் தொடங்கும் நினைப்புதான். அப்பாவோ, "ரிஜெக்‌ஷன் எவ்வளவு?" என்றார். பத்துக்கு ஒன்று கழிந்து போகிறது என்றேன். "அதைக் குறைச்சுட்டு வா." படிக்காமல் இருந்திருந்தால் இந்த ஆசையே வந்திருக்காதோ?

பழைய லேத்:
தம்பி, ஜி.டி. நாயுடு பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். அதனால் ஆசைக்குப் படிப்பைக் குற்றம் சொல்லாதீங்க.

ஆனால் அப்பா கேட்டது சரியான கேள்வி. வார்ப்புக்குள் இருக்கும் ப்ளோஹோல், அதாவது காற்று ஓட்டை, கடையும்போதுதான் தெரியும். இப்போது வாங்கியவர் பணத்தைக் கழித்து அனுப்பும் டெபிட் நோட்டோடு முடிகிறது. நாளைக்கு உங்கள் மெஷின் நேரமும் டூலும் சேர்ந்து போகும். நான் அப்படி ஒரு வருடம் கட்டி அழுதவன்.

கணக்குப்பிள்ளை மகள்:
நான் பி.காம். அண்ணன் கம்பெனியில் நான் செய்த முதல் வேலை, பில்லில் சிறு நிறுவனப் பதிவான உத்யம் எண் போட்டது. சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தராவிட்டால், வாங்கியவர் அதைத் தந்த வருடத்தில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து அப்படி. மார்ச் வந்தால் அவர்களே போன் செய்கிறார்கள். லேத்துக்கு லோன் போடும் முன் உங்கள் பாக்கி எத்தனை நாளில் வருகிறது என்று பாருங்கள் அண்ணா. எம்பிஏவில் அதுவும் இருந்திருக்குமே!

கணபதிக்காரன்:
இருந்தது, பரீட்சைக்கு மட்டும் படித்தேன். நேற்று ஐந்து இம்பெல்லரை வெட்டிப் பார்த்தோம், மூன்றில் ஓட்டை. அப்பா அச்சு மணலை ஒரு பிடி பிடித்து, ஈரம் ஜாஸ்தி என்றார். எவ்வளவு ஜாஸ்தி என்று கேட்டேன், முறைத்தார். ஈரம் அளக்கிற மீட்டருக்கு இன்று காலை செக் கொடுத்துவிட்டார். லேத் கொட்டேஷன் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.