பழைய ஆடியோ சிடிகளை ஒலி குறையாமல் கணினியில் ஏற்றுவது எப்படி?

தம்புராக்கம்பி:
வணக்கம். 150 ஆடியோ சிடிக்கு மேல் இருக்கு. பாதி கர்நாடக சங்கீதக் கச்சேரி, மீதி தொண்ணூறுகளில் வந்த சினிமாப் பாட்டு. எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றணும். விண்டோஸ் 10, யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ். மெதுவான வேகத்தில் எடுத்தால் ஒலி நன்றாக வரும் என்கிறார்களே, உண்மையா? 96 கிலோஹெர்ட்ஸில் சேமித்தால் பயன் உண்டா? வேவ், ஃப்ளாக், 320 எம்பி3 கோப்பு வகைகளில் எது? இன்னொன்று: சில தட்டுகளில் கடைசிப் பாட்டில் மட்டும் 'டிக் டிக்' சத்தம் வருது.

வட்டத்தட்டு:
96-ஐ விட்டுத் தள்ளுங்க. சிடியில் இருப்பது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். அதை மேலே ஏற்றினால் கோப்புதான் பெருக்கும், தட்டில் இல்லாத ஒலி வராது. தட்டில் உள்ள எண்கள் ஒன்றுகூட மாறாமல் வந்ததா என்று மட்டும் பாருங்க. வந்துவிட்டால் எந்த டிரைவில் எடுத்தாலும் ஒரே ஒலிதான்.

மாறுவது ஏன் என்றால், டேட்டா சிடியில் 2352 பைட் செக்டாரில் 2048தான் டேட்டா, மிச்சத்தில் கூடுதல் பிழைதிருத்தம் உட்கார்ந்திருக்கும். ஆடியோ சிடியில் 2352-ம் பாட்டுக்கே போய்விடும். அடிப்படைப் பிழைதிருத்தத்துக்கு அடங்காத கீறல் வந்தால், டிரைவ் முன்னும் பின்னும் பார்த்து நடுவில் ஊகித்து நிரப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது.

அதனால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளைப் போடுங்க, தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம். எஃப்10 அழுத்தி டிரைவ் ஆப்ஷன்ஸில் 'செக்யூர் மோட்' (ஒரே இடத்தைத் திரும்பப் படித்து ஒப்பிடும் முறை) தேர்ந்தெடுங்க. 'அக்யூரேட் ஸ்ட்ரீம்', 'கேஷ்' இரண்டுக்கும் டிக். சி2-க்கு (படிப்பதில் வந்த பிழையை டிரைவே சொல்லும் வசதி) டிக் வேண்டாம், பல டிரைவ்கள் அதில் பொய் சொல்லும். கேஷ் டிக் முக்கியம். அது இல்லாவிட்டால் இரண்டாவது முறை படிக்கச் சொல்லும்போது டிரைவ் தட்டைத் தொடாமல் நினைவகத்தில் இருப்பதையே திருப்பித் தரும், தப்பும் 'சரி' ஆகிவிடும். எஃப்9-இல் எரர் ரெக்கவரி 'ஹை', நார்மலைஸ் ஆஃப்.

பிறகு ஷிஃப்ட்+எஃப்6. ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை எடுத்து சிஆர்சி எண்ணை (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) ஒப்பிடும். லாக் கோப்பைப் பாட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்க.

ஃப்ளாக் (ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் வகை) போதும். லெவல் 0-க்கும் 8-க்கும் ஒலியில் துளி வித்தியாசம் இல்லை, அளவும் நேரமும்தான் மாறும். 74 நிமிடத் தட்டு வேவில் சுமார் 783 எம்பி, ஃப்ளாக்கில் ஏறக்குறைய பாதி. வேவில் பாட்டின் பெயர், ராகம் எல்லாம் ஒழுங்காக ஏற்றி வைக்கவும் முடியாது.

ஆறாம்கட்டை:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் 150 தட்டுக்கும் ஷிஃப்ட்+எஃப்6 போட்டால் தீபாவளி வந்துவிடும். முதலில் 'பர்ஸ்ட் மோட்'டில் (ஒரே தடவை வேகமாகப் படிக்கும் முறை) எடுத்து அக்யூரேட்ரிப் (பலர் எடுத்த சிஆர்சிகளின் இணையத் தரவுத்தளம்) முடிவைப் பாருங்க. வேறு ஆட்கள் தங்கள் தட்டிலிருந்து எடுத்த சிஆர்சியோடு உங்களுடையது பொருந்தினால் வேலை முடிந்தது. ஒரே இடத்தில் ஒரே தப்பு இரண்டு தட்டில் வராது. பொருந்தாதவை, பட்டியலிலேயே இல்லாதவை இரண்டையும் மட்டும் செக்யூர் மோடுக்கு அனுப்புங்க. இதற்கு டிரைவின் ஆஃப்செட் (படிக்கத் தொடங்கும் இடம் சற்று முன்பின் தள்ளியிருக்கும் அளவு) சரியாக இருக்கணும். அக்யூரேட்ரிப்புக்குத் தெரிந்த தட்டு ஒன்றைப் போட்டால் மென்பொருளே கண்டுபிடித்துவிடும். +6, +102, +667 என்று டிரைவுக்கு டிரைவ் மாறும். 667 சாம்பிள் (ஒலி அளவீடு) என்பதே 15 மில்லிசெகண்டு, காதுக்குத் தெரியாது, ஒப்பிடத்தான் தேவை.

கடைசிப் பாட்டு விஷயம்: சிடி உள்ளிருந்து வெளியே ஓடும், கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கும். விரல் படுவதும் உறையில் உரசுவதும் அங்கேதான். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைங்க, வட்டமாக வேண்டவே வேண்டாம். வட்டக் கீறல் ஒரே தடத்தை நீளத்துக்குத் தின்றுவிடும். வேகத்தைக் குறைப்பது இப்படி அடிபட்ட தட்டுக்கு உதவலாம். நல்ல தட்டுக்கு 4எக்ஸும் 24எக்ஸும் ஒன்றே.

மெல்லினம்:
கச்சேரித் தட்டு என்பதால் ஒன்று. ராகம், தானம், பல்லவியை மூன்று டிராக்காக வெட்டியிருப்பார்கள், ஒலி இடைவெளி இல்லாமல் ஓடும். எம்பி3 ஆக்கினால் முன்னும் பின்னும் சிறு வெற்று ஒட்டிக்கொள்ளும், பிளேயர் அதைக் கழிக்காவிட்டால் தானத்துக்கு நடுவே தடுக்கும். ஃப்ளாக்கில் இந்தத் தொல்லை இல்லை.

எண்பதுகளில் வந்த தட்டு ஏதாவது கீச்சென்று ஒலித்தால் ப்ரீ-எம்ஃபஸிஸா என்று பாருங்க. உச்ச ஒலியைத் தூக்கிப் பதிவு செய்து, பிளேயர் இறக்கி ஒலிக்கும் பழைய முறை. கணினி தானாக இறக்காது. சாக்ஸ் மென்பொருளில் 'டீஎம்ஃப்' கொடுத்து ஒரு பிரதி எடுங்க, மூலத்தை அழிக்காதீங்க.

சினிமாத் தட்டில் சில எம்பி3-யிலிருந்து எரித்த நகலாகவே இருக்கும். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் போட்டுப் பாருங்க. 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் நறுக்கியது போல் காலியாக இருந்தால் பெரும்பாலும் அதுதான். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் அது தேறாது.

தம்புராக்கம்பி:
நன்றி. ஒரு தட்டில் எல்லாப் பாட்டும் அக்யூரேட்ரிப்பில் பொருந்தவில்லை, ஆனால் இரண்டு சிஆர்சியும் ஒன்று. 'டிராக் குவாலிட்டி 99.8' என்கிறது. கடைசிப் பாட்டில் மட்டும் 'சஸ்பீஷியஸ் பொசிஷன் 0:04:12'.

வட்டத்தட்டு:
99.8 என்றால் சில இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்தது, அவ்வளவுதான். சிஆர்சி ஒன்றாக இருந்தால் கவலை வேண்டாம். எல்லாப் பாட்டும் ஒட்டுமொத்தமாகப் பொருந்தாதது பெரும்பாலும் வேறு அச்சு (அதே ஆல்பத்தின் வேறொரு தயாரிப்பு) என்பதால். கியூடூல்ஸ் என்ற மென்பொருளில் போட்டால் ஆஃப்செட்டை நகர்த்திப் பார்த்துச் சொல்லும்.

சஸ்பீஷியஸ்தான் நிஜத் தப்பு. 4:12-இல் ஹெட்ஃபோனில் கேளுங்க, தட்டைக் கழுவி வேறு டிரைவில் முயலுங்க. டிரைவுக்கு டிரைவ் படிக்கும் திறன் ரொம்ப மாறும். அதுவும் முடியாவிட்டால், அந்தத் தட்டு கியூடூல்ஸ் தரவுத்தளத்தில் இருக்கும் பட்சத்தில் சிறு சேதத்தை அதுவே ஒட்டித் தரும். முழுத் தட்டாக எடுத்திருக்கணும், ஒற்றைப் பாட்டுக்கு நடக்காது.

பற்பசை தேய்க்கும் யோசனை கடைசிக்கும் கடைசி. அதுவும் அடிப்பக்கக் கீறலுக்கு மட்டும். மேல்பக்கம், அதாவது பெயர் அச்சிட்ட பக்கம் கீறியிருந்தால் அலுமினியப் பூச்சே போயிருக்கும், தேய்க்க அங்கே ஒன்றும் இல்லை.