ட்ரோம்சோவில் துருவ ஒளி: எந்த இரவை நம்புவது, கமராவை எப்படி அமைப்பது?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து):
வணக்கம். பெப்ரவரியில் நோர்வேயில் வசிக்கும் அக்காவிடம் செல்கிறேன். ட்ரோம்சோவில் சில இரவுகள் தங்குவோம். துருவ ஒளிக்கான 27 நாள் முன்னறிவிப்பு அந்த இரவுகளுக்குக் கேபி சுட்டெண் 2 என்றே காட்டுகிறது. திகதியை மாற்ற வேண்டுமா? மேலும், மொட்டைமாடியில் பயிற்சிக்காக எடுக்கும் நட்சத்திரப் படங்கள், லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்தும், மங்கலாகவே வருகின்றன. காரணம் என்ன?

பதில் 1:
திகதியை மாற்ற வேண்டாம். கேபி என்பது புவியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்குகிறது என்பதைக் காட்டும், புவி முழுவதற்குமான அளவு. அது உச்ச அளவான 9ஐ நோக்கி உயர உயர, வட துருவத்தைச் சுற்றித் துருவ ஒளி தோன்றும் வளையம் தெற்கே விரிகிறது. ட்ரோம்சோ 69 பாகை வட அகலாங்குக்கும் அப்பால், பெரும்பாலும் அந்த வளையத்தின் கீழேயே இருப்பதால் அங்கே 2 போதும். இந்த எண்ணை மட்டும் பார்த்து அறைக்குள் இருந்துவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 27 நாள் கணக்கு, சூரியன் ஒருமுறை சுழன்று அதே பகுதி மீண்டும் நம்மை நோக்கும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. இடையில் நிகழும் வெடிப்புகளை அதனால் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அன்றிரவு பார்க்க வேண்டியது பீஇசட் என்ற அளவு. சூரியக் காற்றோடு, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களோடு, வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால் இது எதிர்மறையாகும். அப்போதுதான் அதன் ஆற்றல் புவியின் காந்தப்புலத்துக்குள் எளிதில் நுழையும். புவியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள செய்மதிகள் இதை அளப்பதால், ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேர அவகாசம் கிடைக்கும். ஆனால் முகில் மூடினால் எந்த எண்ணாலும் பயனில்லை. வாகனத்தை அமர்த்தும்போது, கரையில் முகிலாக இருந்தால் வானம் தெளிவாக இருக்கக்கூடிய ஷிபோட்ன் போன்ற உள்நாட்டுப் பகுதிக்குச் செல்ல முடியுமா என்று கேளுங்கள்.

முடிவிலிக் குறி பல லென்ஸ்களில் துல்லியமானதல்ல. தானியங்கிக் குவியத்தை நிறுத்தி, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். இதைக் கொழும்பிலேயே வியாழன் கோளை வைத்துப் பழகலாம். ட்ரோம்சோவில் எஃப் 2.8 (லென்ஸ் திறப்பு), ஐஎஸ்ஓ 1600 (ஒளி உணர்திறன்), 5 செக்கன் (ஒளி விழும் நேரம்) என்று தொடங்குங்கள். ஒளி வேகமாக அசைந்தால் 2 செக்கனாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் அதன் மடிப்புகள் குழைந்துவிடும்.

பதில் 2:
மேலதிக பற்றரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் கமராவைப் பையிலிட்டு இறுக மூடுங்கள். இங்கே குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடியில் படியும் அதே ஈரம்தான் அங்கே உள்ளே வரும்போது படியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நிலா வெளிச்சம் தடையாகுமா?

பதில் 1:
மெல்லிய ஒளி மங்கும். வலுவான ஒளிக்குத் தடையில்லை. பனி மலைகளும் படத்தில் தெளிவாகத் தெரியும். அந்த இரவுகளையும் தவறவிடாதீர்கள்.